மதுரை நாயக்கர் அரசின் சிதைவு

மதுரை நாயக்கர் அரசின் சிதைவு என்பது, திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் தலைநகரங்களாகக் கொண்டு ஆண்ட நாயக்கர் அரசு 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து படிப்படியாக வலுவிழந்து, 1736 ஆம் ஆண்டளவில் அரசி மீனாட்சியுடன் முடிவுக்கு வந்த நிகழ்வுத் தொடரைக் குறிக்கும். இவ்வரசு ஒரே போரில் அழிந்த அரசு அன்று. பாளையங்கள் விலகுதல், அண்டை நாடுகளுடனான ஓயாத போர்கள், அரண்மனை உட்பூசல், உட்பூசலைத் தீர்க்க வெளியாரை அழைத்தல் ஆகியவை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தொடர்ந்ததன் விளைவாக இது சிதைந்தது. இச்சிதைவினால் ஏற்பட்ட வெற்றிடமே கருநாடகப் போர்களின்போது திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் போர்க்களமாகவும், பின்னர் தமிழகத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சி ஏற்படவும் வழிவகுத்தது.

பின்னணி

விசயநகரப் பேரரசின் சார்பாளராக மதுரைக்கு வந்த விசுவநாத நாயக்கர், 1529 ஆம் ஆண்டளவில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கினார். இவரும் இவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. பாளையக்காரர் தத்தம் பகுதியில் வரி தண்டுதல், காவல், நீதி ஆகிய பொறுப்புகளை ஏற்றனர். வருவாயில் மூன்றில் ஒரு பங்கை அரசருக்குச் செலுத்தவும், ஒரு பங்கில் படை வைத்துக்கொள்ளவும், எஞ்சியதைத் தமக்கு வைத்துக்கொள்ளவும் அவர்கள் உரிமை பெற்றிருந்தனர்.

வலிமையான அரசர் இருந்தவரை இம்முறை நன்கு இயங்கியது. நிலையான பெரும்படை ஒன்றைப் பேணாமலே அரசர் தேவையானபோது படை திரட்ட முடிந்தது. ஆனால் படையும் வரியும் காவலும் பாளையக்காரரிடமே இருந்தமையால், நடுவண் அதிகாரம் தளர்ந்தபோது ஒவ்வொரு பாளையமும் தனி அரசாக மாறுவதற்குத் தேவையான அனைத்தையும் முன்னரே பெற்றிருந்தது.

மதுரை, தஞ்சாவூர், செஞ்சி ஆகிய மூன்று நாயக்க அரசுகளுக்கும் மேலாண்மை செலுத்திய விசயநகரம், 1565 ஆம் ஆண்டின் தலைக்கோட்டைப் போருக்குப் பின்னர் தளர்ந்தது. 1616–1617 இல் விசயநகர அரியணை உரிமை தொடர்பான உள்நாட்டுப் போரின் முடிவு, திருச்சிராப்பள்ளிக்கும் கல்லணைக்கும் இடையில் உள்ள தோப்பூரில் தீர்மானிக்கப்பட்டது. இப்போரில் மதுரையும் செஞ்சியும் ஒரு பக்கத்திலும், தஞ்சாவூர் மறு பக்கத்திலும் நின்றன. ஒரே பேரரசின் கிளைகளாக இருந்த நாயக்க அரசுகளின் பகை இதன்பின் நிலைபெற்றுவிட்டது.

திருமலை நாயக்கர் (1623–1659) விசயநகரத்துக்குத் திறை செலுத்துவதை நிறுத்தினார். தம்மைத் தண்டிக்க வந்த விசயநகர அரசர் மூன்றாம் சீரங்கனைத் தடுப்பதற்காகக் கோல்கொண்டா சுல்தானின் உதவியை நாடினார். இதனால் விசயநகரம் ஒடுங்கியது. எனினும் பீசப்பூர், கோல்கொண்டா படைகள் தெற்கே வர வழி திறந்தது. 1649 இல் செஞ்சி பீசப்பூரின் வசமாயிற்று. மதுரையும் தஞ்சாவூரும் சுல்தான்களுக்குத் திறை செலுத்த நேர்ந்தது.

சொக்கநாத நாயக்கர் காலம் (1659–1682)

சொக்கநாத நாயக்கர் இளம் வயதில் அரியணை ஏறினார். தொடக்கத்தில் பிரதானி, இராயசம் ஆகிய உயர் அலுவலரே உண்மையான அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தனர். தளவாய் இலிங்கம நாயக்கர், அரசரை நீக்கிவிட்டு அவருடைய தம்பியை அமர்த்தும் சூழ்ச்சியில் பங்கு கொண்டார். சூழ்ச்சி வெளிப்பட்டதும் பீசப்பூர்த் தளபதி சாகசியிடம் சென்று சேர்ந்து, அப்படையுடன் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டார். அரசரின் தளவாயே பகைவர் படையுடன் தலைநகரின்முன் வந்து நின்றமை, அரசின் உள்நிலையைக் காட்டும் நிகழ்வாகும்.

1665 ஆம் ஆண்டளவில் சொக்கநாதர் தலைநகரை மதுரையில் இருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். புதிய அரண்மனைக்காக மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பகுதிகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டன எனக் கூறப்படுகிறது. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கட்டப்பட்ட இவ்வரண்மனையின் கொலுமண்டபம் இன்று இராணி மங்கம்மாள் மகால் என அழைக்கப்படுகிறது. அரசு அருங்காட்சியகம் இதில் இயங்கி வருகிறது.

1673 இல் சொக்கநாதர் தஞ்சாவூரின் மீது படையெடுத்தார். தஞ்சை அரசர் விசயராகவ நாயக்கர் போரில் மடிந்தார். தஞ்சை நாயக்கர் மரபு அத்துடன் முடிவுற்றது. சொக்கநாதரின் பிரதிநிதியாகத் தஞ்சைக்கு அனுப்பப்பட்ட அழகிரி நாயக்கர், சில காலத்தில் வருவாயை அனுப்புவதை நிறுத்தித் தனித்து ஆளத் தொடங்கினார். விசயராகவரின் வழித்தோன்றலுக்காகப் பீசப்பூர் சுல்தான் அனுப்பிய மராத்தியத் தளபதி ஏகோசி, 1676 ஆம் ஆண்டளவில் தஞ்சையைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். மதுரை வென்ற நாடு மூன்றே ஆண்டுகளில் மூன்றாமவர் கைக்குச் சென்றது.

இதன்பின் சொக்கநாதர் சில காலம் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். குதிரைப்படைத் தலைவரான உருசுத்தம் கான் ஏறத்தாழ இரண்டாண்டுகள் திருச்சிராப்பள்ளியில் அதிகாரம் செலுத்தினார். மைசூர்ப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது சொக்கநாதர் மராத்தியரின் உதவியை நாடினார். மராத்தியர் மைசூர்ப் படையை விரட்டிய பின்னர், கோட்டையைத் தமக்காகவே முற்றுகையிட்டனர். இந்நிலையில் 1682 இல் சொக்கநாதர் இறந்தார்.

அன்றாட வாழ்வில் சிதைவின் அறிகுறிகள்

இக்காலத்து மக்கள் வாழ்வைப் பற்றி, மதுரை மறைபணித் தளத்தைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களும், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களும் செய்திகளைத் தருகின்றன. அவற்றாலும் பிற்காலப் பதிவுகளாலும் அறியப்படும் அறிகுறிகள் கீழே தரப்படுகின்றன.

பஞ்சமும் ஆள் விற்பனையும்: 1659–1661 காலத்தில் தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் படையெடுப்பும் பஞ்சமும் ஒன்றாக நிகழ்ந்தன. படைகள் விளைச்சலை அழித்தன அல்லது கவர்ந்து சென்றன. உணவின்றிக் கடற்கரையை நோக்கிச் சென்ற மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். 1658 இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தர், ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினர். 1670களிலும் இது மீண்டும் நடந்தது.

காவல் இரட்டிப்பாதல்: ஊர்க்காவலுக்காக மக்கள் செலுத்திய காவல் வரி, தலக்காவல் எனவும் தேசகாவல் எனவும் இருவகைப்பட்டது. களவு போன பொருளை மீட்டுத்தருவது அல்லது ஈடு செய்வது காவலரின் கடமையாகும். நடுவண் அதிகாரம் தளர்ந்த பின்னர், வலிமை வாய்ந்த பாளையக்காரர் தமக்கு உரிமை இல்லாத ஊர்களிலும் காவல் வரி கேட்டனர். செலுத்தாத ஊர்கள் கொள்ளைக்கு உள்ளாயின. காப்பவருக்குக் கொடுத்த பணம், காப்பவரிடம் இருந்தே தப்புவதற்குக் கொடுக்கும் பணமாக மாறியது.

நீர்: திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, திருவரங்கத் தீவின் கீழ்முனையை அடுத்துக் காவிரியும் கொள்ளிடமும் நெருங்கி வருகின்றன. காவிரி நீர் தாழ்வான கொள்ளிடத்தில் வடிந்துவிடாமல் கல்லணையும் அதனை ஒட்டிய கரையும் தடுக்கின்றன. இக்கரை திருச்சிராப்பள்ளியை ஆண்டவரின் எல்லைக்குள்ளும், இதனால் பயன்பெறும் வயல்கள் தஞ்சை நாட்டிலும் இருந்தன. ஆகவே இரு நாடுகளும் பகைத்தபோது கரையைச் செப்பனிடுவதும் பூசலுக்குரிய பொருளாயிற்று.

தலைநகரை விட்டு வெளியேறல்: முற்றுகைகள் அடுத்தடுத்து நேர்ந்தமையால் கோட்டைக்கு வெளியே இருந்த ஊர்களின் மக்கள் காடுகளுக்கும் தொலைநாடுகளுக்கும் பெயர்ந்தனர். பயிர் செய்வோர் இன்றி நிலம் தரிசானது. அதனால் வருவாய் குறைந்தது. குறைந்த வருவாயை ஈடுகட்ட எஞ்சியிருந்தோர்மேல் வரி கூட்டப்பட்டது. இது மேலும் மக்களை வெளியேறச் செய்தது.

மங்கம்மாளின் ஆட்சி (1689–1706)

சொக்கநாதரின் மகன் அரங்ககிருட்டிண முத்து வீரப்ப நாயக்கர் 1689 இல் அம்மை நோயினால் இறந்தார். பேரன் விசயரங்க சொக்கநாதர் கைக்குழந்தையாக இருந்தமையால், சொக்கநாதரின் மனைவி இராணி மங்கம்மாள் காப்பாட்சியராகப் பொறுப்பேற்றார். செஞ்சியை முற்றுகையிட்டிருந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குத் திறை செலுத்திப் போரைத் தவிர்த்தார். சாலைகள் அமைத்தார், சாலையோரங்களில் மரங்கள் நட்டார், சத்திரங்களும் குளங்களும் ஏற்படுத்தினார். தென் மாவட்டங்களில் பல சாலைகள் மங்கம்மாள் சாலை என இன்றும் அழைக்கப்படுகின்றன. மதுரைத் தொடருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள மங்கம்மாள் சத்திரமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

எனினும் பாளையங்கள் விலகிச் செல்வதை இவரால் தடுக்க இயலவில்லை. இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதிக்கு எதிராக 1702 இல் அனுப்பப்பட்ட படை தோல்வியுற்றது. தளவாய் நரசப்பையர் போரில் இறந்தார். இதன்பின் மறவர் நாடு தன்னுரிமை பெற்ற அரசாயிற்று. கிழவன் சேதுபதியின் ஆதரவுடன் தோன்றிய புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசும் தனித்து வளர்ந்தது. இராமநாதபுரமும் பிளவுக்குத் தப்பவில்லை. வாரிசுப் போரின் முடிவில், 1730 ஆம் ஆண்டளவில் அதிலிருந்து சிவகங்கை பிரிந்தது.

விசயரங்க சொக்கநாதரும் மீனாட்சியும் (1706–1736)

விசயரங்க சொக்கநாதர் சமயப் பற்றும் தெலுங்கு இலக்கியப் புலமையும் மிக்கவர். திருவரங்கம், திருவானைக்காவல், மதுரை முதலிய கோயில்களுக்குப் பெரும் கொடைகள் அளித்தார். திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் இவரும் குடும்பத்தினரும் கைகூப்பி நிற்கும் ஆளுயர உருவங்கள் உள்ளன. கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைக் காணலாம். ஆட்சிப் பொறுப்பைப் பெரிதும் அலுவலரிடம் விட்டுவிட்டு இவர் தலப்பயணங்களில் காலம் கழித்தார் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்தாகும்.

1732 இல் இவர் மகப்பேறின்றி இறந்தார். அரசி மீனாட்சி, அரச குடும்பத்தின் கிளையைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகன் விசயகுமாரனைத் தத்தெடுத்து ஆட்சியை ஏற்றார். பங்காரு திருமலை தாமே ஆளவேண்டும் எனக் கோரினார். ஆர்க்காட்டு நவாப் தோசுத்து அலியின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையுடன் தெற்கே வந்தபோது, இரு தரப்பினரும் அவர்களைத் தம் பக்கம் இழுக்க முயன்றனர். சப்தர் அலி பங்காரு திருமலையை ஆதரித்தார். அரசியோ பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொண்டு சந்தா சாகிபின் துணையைப் பெற்றார். சந்தா சாகிபு திருமறையின் மீது ஆணையிட்டு உறுதியளித்தார் என்பது மரபு. 1736 இல் மீண்டும் வந்த அவர், கோட்டையைத் தம் வசமாக்கி அரசியைச் சிறைவைத்தார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். மதுரை நாயக்கர் ஆட்சி இவருடன் முடிந்தது. இவரது இறப்பு ஆண்டு குறித்து நூல்களில் வேறுபாடு உண்டு.

சிதைவுக்குப் பின் திருச்சிராப்பள்ளி

சந்தா சாகிபை வெளியேற்ற மராத்தியர் அழைக்கப்பட்டனர். இரகோசி போன்சுலே 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றி, சந்தா சாகிபைச் சிறைப்படுத்தி அழைத்துச் சென்றார். முராரி ராவ் ஆளுநரானார். நாயக்கர் மரபு மீளவில்லை. 1743 இல் ஐதராபாத்து நிசாம் வந்து மராத்தியரை வெளியேற்றினார்.

1749 இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் இறந்ததும் அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளியில் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு ஆங்கிலேயரும், விடுதலை பெற்றுத் திரும்பிய சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751 இல் தொடங்கிய முற்றுகையின் இறுதியில் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கியது. திருவரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்களுக்குள் படைகள் தங்கின. 1752 சூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைப் படைத்தலைவரிடம் தம்மை ஒப்புவித்த சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

உதவிக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகமது அலி மைசூருக்கு வாக்களித்திருந்தார். அது நிறைவேற்றப்படாமையால் மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்தது. போர் 1754 வரை நீடித்தது. கோட்டையைச் சூழ்ந்த வெளி போர்க்களமாயிற்று. கோட்டைக்கு மேற்கே தில்லை நகர், உறையூர், தெற்கே பொன்மலை என இன்று மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளாக இவ்வெளி மாறியுள்ளது. 1753 இல் அரிசி வணிகர் வருவது நின்றதும் நகர மக்களில் பெரும்பாலோர் வெளியேறினர். தஞ்சையில் இருந்தும் தொண்டைமான் நாட்டில் இருந்தும் படைக்காவலுடன் வந்த உணவுப் பொதிகளாலேயே கோட்டை தாக்குப்பிடித்தது. 1754 இல் பிரெஞ்சுப் படையினர் கோவிலடிக்கு அருகில் காவிரிக் கரையை வெட்டி, தஞ்சைக்குச் செல்லவேண்டிய நீரைக் கொள்ளிடத்தில் திருப்பினர். நீரைப் பகுப்பதில் அண்டை நாடுகளுக்கிடையே இருந்த பூசல், போர்க்கருவியாகவே மாறியமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

போரில் வென்ற முகமது அலி கடனாளியானார். கடனுக்கு ஈடாக வரி தண்டும் உரிமைகள் படிப்படியாகக் கம்பனியின் பிடிக்குள் சென்றன. 1801 சூலையில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி கருநாடக ஆட்சி முழுவதும் கம்பனியிடம் சென்றது.

திருச்சிராப்பள்ளி அறிக்கை

இதற்கு ஆறு வாரங்கள் முன்னர், 1801 சூன் 16 ஆம் நாளிட்ட அறிக்கையொன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாப் அரண்மனைச் சுவரிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சிவகங்கையின் சின்ன மருது பெயரில் வெளியான இது, சம்புத்தீவு அறிக்கை எனவும் அழைக்கப்படுகிறது. நாட்டினரிடையே ஒற்றுமையும் நட்பும் இல்லாமற் போனதே அயலார் ஆட்சி ஏற்படக் காரணம் என்றும், மக்கள் உண்ணும் சோறு நீராகும் அளவுக்கு வறுமை வந்தும் அதன் காரணத்தை உணரவில்லை என்றும் இவ்வறிக்கை இடித்துரைத்தது. எல்லாச் சாதியினரும் ஒன்றுபட வேண்டும் என அழைப்பு விடுத்தது. அரசியல் பிளவையும் அன்றாட உணவையும் ஒன்றுடன் ஒன்று இணைத்துக் காட்டிய தொடக்ககால ஆவணங்களுள் இது குறிப்பிடத்தக்கது. மருது உடன்பிறப்புகள் அதே ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

வரலாற்றாளர் கருத்துகள்

1868 இல் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய ஆங்கில அலுவலர் நெல்சன், நாயக்கர் ஆட்சியைக் கொடுங்கோன்மை எனக் கருதினார். 1924 இல் வெளியான தமது நூலில் இரா. சத்தியநாத ஐயர் இக்கருத்தை மறுத்து, நாயக்கர் ஆட்சியின் நன்மைகளையும் எடுத்துக்காட்டினார். அண்மைக்கால ஆய்வாளர்கள் இக்காலத்தை வெறும் வீழ்ச்சியாகக் காண்பதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை போன்ற சிற்றரசுகள் தோன்றியதையும், மராத்தியர் ஆட்சியில் தஞ்சாவூரில் கலைகள் வளர்ந்ததையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

சான்றுகளைப் பயன்படுத்துவதிலும் கவனம் தேவை. இயேசு சபையினர் தமது சமயப் பணிக்கு ஏற்பட்ட இடையூறுகளின் பின்னணியில் எழுதினர். நெல்சன் போன்றோர் கம்பனி ஆட்சியின் மேன்மையைக் காட்டும் நோக்குடையவர்கள். ஆயினும் ஒல்லாந்தக் கப்பல் கணக்குகள் போன்ற, பரிந்துரைக்கும் நோக்கமற்ற ஆவணங்களும் மக்களின் துன்பத்தை உறுதிப்படுத்துகின்றன. எனவே சிதைவின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டேயன்றி, அது நிகழ்ந்ததைப் பற்றி ஐயம் இல்லை.

காலக்கோடு

1529 – விசுவநாத நாயக்கர் ஆட்சித் தொடக்கம் (ஏறத்தாழ)
1616–1617 – தோப்பூர்ப் போர்
1649 – செஞ்சி பீசப்பூர் வசமாதல்
1665 – தலைநகர் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றம் (ஏறத்தாழ)
1673 – தஞ்சாவூரைக் கைப்பற்றல்
1676 – தஞ்சாவூரை ஏகோசியிடம் இழத்தல் (ஏறத்தாழ)
1689–1706 – இராணி மங்கம்மாள் ஆட்சி
1702 – மறவர் நாட்டுப் போரில் தோல்வி
1736 – மீனாட்சி இறப்பு. நாயக்கர் ஆட்சி முடிவு (ஏறத்தாழ)
1741 – மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றல்
1751–1754 – திருச்சிராப்பள்ளி முற்றுகைகள்
1801 – திருச்சிராப்பள்ளி அறிக்கை. கருநாடகம் கம்பனி வசமாதல்